முக்கூர்த்தியில் மரம் வெட்டுகிறார்கள், இரவிகுளத்தில் தீ வைக்கிறார்கள்: தேசியப் பூங்காவில் இதெல்லாம் சரியா?

மலைச்சாரல்

வணக்கம். நான் பள்ளியில் சூழல் மன்றம் நடத்தும் ஆசிரியை. தேசியப் பூங்கா என்றால் ஒரு இலையைக்கூடப் பறிக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "அப்படியென்றால் முக்கூர்த்தியில் ஏன் டீச்சர் மரத்தை வெட்டுகிறார்கள்? இரவிகுளத்தில் ஏன் புல்லுக்குத் தீ வைக்கிறார்கள்?" என்று கேட்டாள். ஒன்று நீலகிரியில், இன்னொன்று கேரளத்தில் மூணாறு பக்கம். இரண்டும் தேசியப் பூங்கா, இரண்டிலும் நடப்பது உண்மை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வேலி போட்டு ஆளை விலக்கிவிட்டால் மீதியை இயற்கை பார்த்துக்கொள்ளும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது தப்பா? காட்டில் வேலை பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். அவளிடம் சரியான பதிலோடு போக வேண்டும்.

புல்வெளி

டீச்சர், அந்தப் பெண்ணுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். நான் நீலகிரியின் மேட்டுப் புல்வெளிகளில் சில ஆண்டுகள் தாவரக் கணக்கெடுப்பு செய்தவன்.

எந்தப் பூங்காவைப் பற்றிப் பேச்சு வந்தாலும், இது எதைக் காப்பாற்ற அறிவிக்கப்பட்டது என்றுதான் முதலில் கேட்பேன். முக்கூர்த்தியைப் பொறுத்தவரை பதில் வரையாடு. 1982இல் சரணாலயம், 1990இல் தேசியப் பூங்கா, பரப்பு சுமார் 78 சதுர கிலோமீட்டர். வரையாடு அடர்ந்த மரக்காட்டில் வாழாது. செங்குத்துப் பாறையை ஒட்டிய திறந்த புல்வெளியில் மேயும். புலியோ சிறுத்தையோ வந்தால் பாறைக்கு ஓடித் தப்பிக்கும். அதற்கு, வருவது தூரத்திலேயே கண்ணில் பட வேண்டும். அந்த மலையின் இயல்பான உருவமும் அப்படித்தான்: மேடெல்லாம் புல், மடிப்புகளில் மட்டும் குட்டையான சோலை.

ஆங்கிலேயர் இந்தப் புல்வெளியைத் தரிசு என்று எடுத்துக்கொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) வந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் தோல் பதனிடும் பட்டைக்காக, மரக்கூழுக்காக நட்டுக்கொண்டே போனோம். சீகை நட்ட இடத்தோடு நிற்கும் மரமா? விதை உதிர்ந்து, புல்லுக்குள் நுழைந்து, ஒவ்வொரு சரிவாகப் பிடித்துக்கொண்டே போகிறது. அதைச் சும்மா விட்டால் அந்த இடம் பச்சைப் பசேல் என்றுதான் இருக்கும், புகைப்படத்தில் அழகாகவும் வரும். வரையாடு மட்டும் இருக்காது.

இப்போது மேற்குப் பக்கம் எல்லையைத் தாண்டிப் பாருங்கள். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு, சைலண்ட் வேலி. முக்கூர்த்தியோடு தோளுரசி நிற்கும் பூங்கா. குந்திப்புழாவில் அணை கட்டும் திட்டத்தை எதிர்த்து மக்கள் போராடி, 1983இல் திட்டம் கைவிடப்பட்டு, 1984இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். அங்கே காக்க வேண்டியது இடைவெளியே இல்லாத பசுமைமாறாக் காட்டை. சிங்கவால் குரங்கு மரத்துக்கு மரம் உச்சியிலேயே போய் வாழ்வது. மேற்கூரையில் ஓட்டை விழுந்தால் அதற்கு வழி அறுந்துவிடும். அதனால் அங்கே கையை வைக்காமல் இருப்பதுதான் பெரும்பாலும் நல்ல நிர்வாகம்.

ஒரே மலைத்தொடர், ஒரே சட்டம், பக்கத்துப் பக்கத்துப் பூங்கா. ஒன்றில் மரம் விழுவது பாதுகாப்பு, இன்னொன்றில் மரம் விழுவது அழிவு. உங்கள் மாணவிக்கு நான் பதில் சொல்வதாக இருந்தால் இந்த இரண்டு பெயரைத்தான் பலகையில் எழுதுவேன்.

சட்டக்கட்டு

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 35. ஒரு பகுதியின் சூழல், விலங்குகள், தாவரங்கள், நில அமைப்பு ஆகியவற்றின் முக்கியத்துவம் கருதி, அங்குள்ள வனவிலங்கையும் அதன் சூழலையும் காக்கவும் பெருக்கவும் மேம்படுத்தவும் தேவை என்று மாநில அரசு கருதினால் தேசியப் பூங்கா அறிவிக்கலாம். அதாவது பூங்கா பிறக்கும்போதே ஒரு காரணத்தோடுதான் பிறக்கிறது.

அப்புறம் அதே பிரிவு, தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி இல்லாமல் எதையும் அழிக்கவோ எடுக்கவோ கூடாது என்கிறது. அந்த அனுமதியும் சும்மா கிடைக்காது. வனவிலங்கின் நலனுக்கும் நல்ல நிர்வாகத்துக்கும் அது தேவை என்று அரசு, வனவிலங்கு வாரியத்தைக் கலந்து, திருப்தி அடைய வேண்டும். ஆக, "இலையைப் பறிக்கக் கூடாது" என்று நீங்கள் சொன்னது பாதி சரி டீச்சர். எடுப்பவருக்கு லாபம் என்பதற்காகப் பறிக்கக் கூடாது. பூங்காவின் நோக்கத்துக்குத் தேவை என்றால், அனுமதியோடு பறிக்கலாம்.

சரணாலயத்தில் ஏற்கெனவே இருக்கும் சில உரிமைகள் தொடர வழி உண்டு. தேசியப் பூங்காவில் கட்டுப்பாடு இன்னும் இறுக்கம். முக்கியமாக, கால்நடை மேய்ச்சலுக்கு இடமே இல்லை.

மலைச்சாரல்

ரொம்ப நன்றி. ஆனால் ஒரு பயம் வருகிறது. "நோக்கத்துக்குத் தேவை" என்ற ஒரு வரியைக் காட்டி எதை வேண்டுமானாலும் செய்துவிட முடியாதா? நாளைக்கு ஒருவர் வந்து, சுற்றுலா வந்தால்தான் வரையாட்டின் அருமை மக்களுக்குப் புரியும், அதனால் சாலை போடுகிறோம் என்று சொன்னால்?

பழைய வனவர்

அம்மா, நான் வனவராக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் கேட்ட இந்தக் கேள்வியைத்தான் நாங்கள் ஒவ்வொரு வருஷமும் கேட்டுக்கொள்வோம்.

ஒவ்வொரு பூங்காவுக்கும் மேலாண்மைத் திட்டம் என்று ஒரு புத்தகம் இருக்கும். அதன் முதல் அத்தியாயங்களிலேயே இந்த இடத்தின் முக்கியத்துவம் என்ன, காக்க வேண்டியவை என்ன, அவற்றுக்கு ஆபத்து எங்கிருந்து என்று எழுதியிருக்கும். பின்னால் வரும் தீத்தடுப்புக் கோடு, ரோந்துப் பாதை, களை அகற்றல், கணக்கெடுப்பு எல்லாம் அந்த முதல் பக்கங்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நல்ல அதிகாரி கையில் அந்தப் புத்தகம் இருந்தால் ஒரு வேலையை நிறுத்துவதற்குத்தான் அதை அதிகம் புரட்டுவார்.

தண்ணீர்த் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் விலங்குக்குத் தண்ணீர் வைப்பது புண்ணியம் என்று எல்லோரும் சொல்வார்கள், பணம் தரவும் ஆள் வரும். ஆனால் தொட்டி வைத்த இடத்தைச் சுற்றிக் கூட்டம் கூடும், அங்கே செடி கொடி மிதிபட்டுப் போகும், தண்ணீர் குறைவாக இருந்ததால் வராமல் இருந்த விலங்குகள் வந்து, நாம் காக்க வேண்டிய விலங்கின் மேய்ச்சலைத் தின்னும். அது எல்லா இடத்திலும் தப்பு என்று சொல்ல மாட்டேன். யாருக்காக வைக்கிறோம் என்று அந்த முதல் அத்தியாயத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

சாலை விஷயமும் அப்படித்தான். இரவிகுளம் 97 சதுர கிலோமீட்டர். ஆனால் பார்வையாளர்கள் போவது ராஜமலைப் பக்கம் ஒரு சின்னத் துண்டுக்கு மட்டும். வரையாடு குட்டி போடும் காலத்தில், பிப்ரவரி, மார்ச் வாக்கில், அதையும் மூடிவிடுவார்கள். மக்கள் பார்த்து நேசிக்க வேண்டும்தான். குட்டி பிறக்கும் வாரங்களில் பார்க்க வேண்டாம்.

தும்பி

நோக்கம் ஒரு பக்கம் இழுத்து, விதி இன்னொரு பக்கம் இழுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. பறவை பார்ப்பவர்களுக்கு இது ஆறாத காயம். ராஜஸ்தானின் பரத்பூர், கேவலாதேவ்.

அது இயற்கையாக உண்டான ஏரி இல்லை. மன்னர்கள் வாத்து வேட்டைக்காகக் கரை கட்டி, வாய்க்கால் வெட்டி, தண்ணீர் பாய்ச்சி உண்டாக்கிய சதுப்பு நிலம். 1938இல் வைசிராய் லின்லித்கோவின் வேட்டைக் கூட்டம் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டது. அப்படிப்பட்ட இடம் பறவைகளுக்கான தேசியப் பூங்காவாக மாறியதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நிறையும்.

ஆனால் 1982இல் என்ன நடந்தது? தேசியப் பூங்கா என்றால் மேய்ச்சல் கூடாது என்பது விதி. சுற்றுவட்டார கிராமங்களின் எருமைகளுக்குக் கதவு மூடப்பட்டது. எதிர்ப்பு கிளம்பியது, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அதற்குப் பிறகு நடந்ததுதான் நெஞ்சை அறுப்பது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கே 1980களில் செய்த நீண்ட ஆய்வில், எருமைகள் போன பிறகு ஒரு நீர்ப்புல் தாறுமாறாக வளர்ந்து நீர்ப்பரப்பை அடைத்துவிட்டது தெரிந்தது. திறந்த தண்ணீர் குறைந்தது, மீன் குறைந்தது, அதை நம்பி வந்த பறவைகளுக்கு இடம் குறைந்தது. அந்த எருமைகள்தான் பல காலமாகப் புல்லைத் தின்று தண்ணீரைத் திறந்து வைத்திருந்தன.

உயிரும் போனது, பறவைக்கும் கெடுதல் வந்தது. பிறகு கிராமத்தார் உள்ளே வந்து புல் அறுத்துப் போக அனுமதித்தார்கள். எருமை செய்த வேலையை அரிவாளால் செய்ய வேண்டியதாயிற்று. விதியை எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. ஆனால் எல்லாப் பூங்காவுக்கும் ஒரே விதி என்று வரும்போது, இந்த இடம் எதற்காக என்ற கேள்வியை யாராவது விடாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

கரையோரம்

இதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா, 1986. மண்டபம் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள். பவளப்பாறை, கடற்புல், கடற்பசு. இவற்றைக் காக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்த காலத்தைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பாறை போனால் அலை நேரே கரைக்கு வரும்.

ஆனால் அந்தத் தீவுகளைச் சுற்றி மூழ்கிப் பாசி எடுத்து வயிறு வளர்த்த பெண்கள் இருக்கிறார்கள். பூங்கா அறிவித்தபோது அவர்கள் அங்கேதான் இருந்தார்கள். "இது எதற்காக" என்று எல்லோரும் பேசுகிறீர்கள், சரி. அதை எழுதும்போது அவர்களை யாராவது கேட்டார்களா? எந்தப் பாறை எந்த மாதம் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்த அறிக்கைக்கும் தெரியாது.

சட்டக்கட்டு

கரையோரம், உங்கள் கேள்வி நியாயம். காட்டுப் பகுதிகளைப் பொறுத்தவரை 2006 வன உரிமைச் சட்டம் இதில் பெரிய மாற்றம் கொண்டுவந்தது. அது தேசியப் பூங்காக்களுக்கும் பொருந்தும். வனவிலங்கின் முக்கிய வாழ்விடம் என்று சொல்லி மக்களின் உரிமையை மாற்ற வேண்டுமானால், அவர்கள் இருப்பதால் விலங்குக்கு மீளாக் கெடுதல் வருகிறது என்பது நிறுவப்பட வேண்டும், சேர்ந்து வாழ வேறு வழி இல்லை என்று அரசு முடிவுக்கு வர வேண்டும், இடம் மாற்றுவதற்குக் கிராம சபை எழுத்தில் சம்மதிக்க வேண்டும். ஆனால் பாசி எடுக்கும் உங்கள் பெண்களுக்கு அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொள்வது அத்தனை எளிதல்ல. கடல் சார்ந்த பூங்காக்களுக்கு இதே கவனம் தேவை என்று நானும் நினைக்கிறேன்.

புல்வெளி

கரையோரம் சொன்னதை முக்கூர்த்திக்கும் பொருத்திப் பார்க்கிறேன். அந்தப் புல்வெளிகளில் தோடர்களின் எருமைகள் நூற்றாண்டுகளாக மேய்ந்திருக்கின்றன. முக்கூர்த்திச் சிகரம் அவர்களுக்குப் புனிதம். இரவிகுளத்திலும் தீ வைக்கும் வேலையைச் செய்வது அந்த மலையின் பழங்குடிகளான முதுவர்கள்தான். ஈரம் முழுவதும் காயும் முன்னால், சின்னச் சின்னத் திட்டாக எரிப்பார்கள். பழைய தடித்த புல் போய்ப் புதுத் தளிர் வரும். வரையாடு அங்கே மேய வரும். கோடை உச்சத்தில் பெருந்தீ பரவவும் எரிபொருள் குறைந்திருக்கும். அந்தக் கை அறிவு இல்லாமல் அந்த வேலை இல்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இரவிகுளத்தில் நல்லது செய்யும் தீயை அப்படியே முக்கூர்த்தியில் சீகை பிடித்த சரிவுக்குக் கொண்டுபோகக் கூடாது. சீகை விதைக்குச் சூடு பட்டால் முளைப்பு கூடும். இரண்டு இடத்திலும் காக்க வேண்டியது வரையாடுதான். கருவி மட்டும் ஒன்றாக இருக்க முடியாது.

இன்னொரு விஷயம். நோக்கம் ஒருமுறை எழுதிவிட்டால் மாறவே மாறாது என்றும் நினைக்க வேண்டாம். சொல் அப்படியே இருக்கும், அதை நாம் வாசிக்கும் விதம் மாறும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் 1872இல் மக்கள் மகிழ்வதற்கான இடமாக ஒதுக்கப்பட்டது. 1916இல் வந்த சட்டம், இயற்கையையும் வனவிலங்கையும் காக்க வேண்டும், வருங்காலத் தலைமுறைக்குக் குறைவுபடாமல் விட்டுவைக்கும் வகையில் மக்கள் அதை அனுபவிக்க வேண்டும் என்றது. அதே சட்டத்தின் கீழ், மக்கள் பார்க்க விரும்பும் எல்க் மான்களைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து ஓநாய்களைக் கொன்றார்கள். அங்கே கடைசி ஓநாய்கள் கொல்லப்பட்டது 1926இல். பிறகு எல்க் பெருகிப் புதர்களையும் இளமரங்களையும் தின்று தீர்க்க, பூங்காக் காவலர்களே ஆயிரக்கணக்கில் எல்க்கைச் சுட்டுக் குறைக்க வேண்டிவந்தது. 1995, 1996இல் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். சட்டத்தின் வரி மாறவில்லை. "வனவிலங்கு" என்ற சொல்லுக்குள் ஓநாயும் உண்டு என்று புரிந்துகொள்ள இத்தனை காலம் ஆயிற்று.

மலைச்சாரல்

யெல்லோஸ்டோன் கதையைப் படித்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒன்று கேட்கிறேன். காக்க வேண்டியது என்ன என்று சரியாகத் தெரிந்து, உள்ளே எல்லாம் சரியாகச் செய்தும் பூங்கா தோற்றுப்போக முடியுமா?

தும்பி

முடியும் டீச்சர். மணிப்பூரின் கெய்புல் லாம்ஜாவோவைப் பாருங்கள். லோக்டாக் ஏரியில் மிதக்கும் தாவரத் திட்டுகள்மேல் இருக்கும் பூங்கா, 40 சதுர கிலோமீட்டர். அந்தத் திட்டுகளைப் பும்டி என்பார்கள். இயற்கையில் அங்கே மட்டுமே வாழ்கிற மான், சங்காய். 1975இல் வானிலிருந்து எண்ணியபோது கிடைத்தது 14 மான்கள். 1977இல் தேசியப் பூங்கா ஆனது. வேட்டை நின்றது, எண்ணிக்கை கூடியது.

ஆனால் 1983இல் இத்தாய் தடுப்பணை செயல்பாட்டுக்கு வந்து ஏரியின் மட்டம் ஆண்டு முழுவதும் உயரத்திலேயே நிற்கிறது. முன்பெல்லாம் வறண்ட மாதங்களில் மட்டம் இறங்கும், பும்டி ஏரியின் அடியில் போய் உட்காரும், வேர்கள் சேற்றில் சத்தை எடுத்துக்கொள்ளும், மழையில் மறுபடி மேலே வரும். இப்போது அது கீழே உட்கார வழியில்லை. மெலிந்துகொண்டே போகிறது. மெலிந்த திட்டு மானின் எடையைத் தாங்காது, குளம்பு உள்ளே இறங்கிவிடும். பூங்காவுக்குள் எத்தனை காவலர் நின்றாலும் அந்த மதகின் சாவி பூங்காவுக்குள் இல்லை.

அதனால்தான் நோக்கத்தை எழுதும்போது எல்லைக்கோட்டோடு நிறுத்தக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன். சங்காயைக் காப்பது என்றால் ஏரியின் நீர்மட்டத்தைப் பற்றிப் பேசும் மேசையில் பூங்காவுக்கும் ஒரு நாற்காலி வேண்டும்.

பழைய வனவர்

சீகை பற்றி ஒரு மாற்றுக் கருத்து. புல்வெளி தம்பி சொன்னதைப் படித்தால் எல்லாச் சீகையையும் ஒரேயடியாக வெட்டிச் சாய்த்துவிட வேண்டும் என்று தோன்றும். அப்படிச் செய்து கையைச் சுட்டுக்கொண்ட இடங்களைப் பார்த்திருக்கிறேன். அடர்ந்த சீகையை மொத்தமாக எடுத்தால் மண் கிளறப்படும், வெயில் விழும், மண்ணில் பல வருஷமாகக் கிடக்கும் விதையெல்லாம் ஒரே மழையில் முளைத்துக்கொள்ளும். சில வகை வேரிலிருந்தே துளிர்க்கும். ஒரு மரம் இருந்த இடத்தில் நூறு கன்று நிற்கும்.

புல்வெளி

ஐயா சொல்வது சரி, நான் அவசரத்தில் விட்டுவிட்டேன். சோலையை ஒட்டியுள்ள பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாக வளர்வதையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் சீகையை உடனே வெட்டினால் கன்றுகளையும் சேர்த்துக் கொல்கிறோம். அங்கே பொறுமையாக இருக்கலாம். அவசரம் எங்கே என்றால், நல்ல புல்வெளிக்குள் சீகை இப்போதுதான் நுழைகிற முனையில். வரையாடு மேய்கிற சரிவு அதுதான். 2024இல் தமிழ்நாடு முழுவதும் எண்ணியபோது 1,031 வரையாடுகள் கிடைத்தன. இவ்வளவு சின்ன எண்ணிக்கையை வைத்துக்கொண்டு, இருக்கிற புல்லை விட்டுக்கொடுத்துவிட்டு எப்போதோ வரப்போகும் புல்லுக்காகக் காத்திருக்க முடியாது.

மலைச்சாரல்

இன்று வகுப்பு நடந்தது. பலகையில் முக்கூர்த்தி, அமைதிப் பள்ளத்தாக்கு என்று இரண்டு பெயரை எழுதினேன். எங்கே மரம் வெட்டலாம், எங்கே கூடாது என்று அவர்களையே பிரிக்கச் சொன்னேன். வரையாட்டையும் சிங்கவால் குரங்கையும் பற்றிச் சொன்னதும் அவர்களே சரியாகப் பிரித்துவிட்டார்கள். பரத்பூர் எருமைக் கதையைச் சொன்னபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. பாசி எடுக்கும் பெண்களைப் பற்றியும் சொன்னேன், கரையோரம். அவர்களைக் கேட்டே ஆக வேண்டும் என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொன்னார்கள்.

கேள்வி கேட்ட பெண் கடைசியில் இன்னொன்று கேட்டாள். விதை மண்ணுக்குள்ளேயே கிடக்கும் என்றால், கன்றை எத்தனை வருஷம் பிடுங்க வேண்டும்? வனவர் ஐயா சொன்னால் நன்றாக இருக்கும்.

பழைய வனவர்

அவளிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பல பத்து வருஷம். ஒரே சரிவுக்கு ஒவ்வொரு வருஷமும் திரும்பப் போக வேண்டும். ஒரு வருஷம் பணம் வரவில்லை, ஆள் இல்லை என்று விட்டுவிட்டால் கன்று இடுப்பு உயரம் வந்துவிடும், பிறகு கையால் முடியாது, அரிவாள் வேண்டும். அதனால்தான் வெட்டுவதற்கான செலவை மட்டும் திட்டத்தில் எழுதினால் போதாது, பின்னால் வரும் வருஷங்களின் பிடுங்கும் கூலியையும் சேர்த்து எழுத வேண்டும் என்று நான் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிக்கொண்டிருப்பேன்.

போகிற நேரமும் முக்கியம். மழை ஓய்ந்து மண் இளகியிருக்கும்போது போனால் சின்னக் கன்று வேரோடு வரும். காய்ந்த பிறகு போனால் தண்டு முறிந்து கையில் வரும், வேர் உள்ளேயே நின்றுவிடும்.